ஓடிக்கொண்டிருக்கும் கார் நூர்ந்து போகிறதா? ஒட்சிசன் சென்சருக்குக் காசு கொடுக்க முன் பார்க்க வேண்டியவை

செக் எஞ்சின் லைற் எரிகிறது. சந்தியில் மெதுவாக்கினால் எஞ்சின் நூர்ந்து போகிறது. யாழ்ப்பாணத்தில் இந்த இரண்டையும் சேர்த்து ஒரு கராஜில் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: “அண்ணை, ஒட்சிசன் சென்சர் போட்டுது. மாத்தினால் சரி.”

என் காருக்கும் அதைத்தான் சொன்னார்கள். சென்சர் மாற்றினார்கள், லைற் அணைந்தது, வீடு வந்து சேர முன் கார் மறுபடியும் நின்றது. சென்சர் பழுது என்பது பொய்யில்லை. கார் நின்றதற்குக் காரணம் மட்டும் வேறு. லைற் ஒரு வியாதி, நிற்பது இன்னொரு வியாதி என்று பிரித்துப் பார்க்க ஒருவரும் மினக்கெடவில்லை. நீங்களும் பல கராஜ்களுக்கு அலையாமல் இருக்க, பார்க்க வேண்டிய வரிசையை இங்கே எழுதுகிறேன். இது பெற்றோலில் ஓடும், இஞ்ஜெக்‌ஷன் எஞ்சின் உள்ள சாதாரண கார்களுக்கு. காபரேற்றர் வைத்த பழைய கார்களுக்கும் ஹைபிரிட் கார்களுக்கும் பொருந்தாது. ஹைபிரிட் காரில் எஞ்சின் தானாக நிற்பது பழுதே இல்லை.

1. கார் எப்போது நிற்கிறது என்று எழுதி வையுங்கள்

கராஜுக்குப் போக முன் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான். “இடைக்கிடை நிக்குது” என்று மட்டும் சொன்னால், மெக்கானிக் ஊகத்தில்தான் கை வைப்பார். காலையில் எடுத்தவுடனா, சூடான பிறகா? ஏசி போட்டிருந்ததா? பிறேக் மிதித்தபோதா? மழைக்குப் பிறகா? பெற்றோல் அடித்தவுடனா? திரும்ப ஸ்ரார்ட் எடுக்க எவ்வளவு நேரம் பிடித்தது?

பதிலுக்குள்ளேயே பாதி நோய் தெரிந்துவிடும். சந்தியில் மெதுவாக்கும்போது, அதுவும் ஏசி போட்டிருக்கும்போது, எஞ்சின் தடுமாறி இறங்கி நூர்ந்தால் த்ரொட்டில் பொடியில் (எஞ்சினுக்குள் காற்றை விடும் தகடு உள்ள பாகம்) கரி படிந்திருக்கலாம், அல்லது ஐட்லிங் வால்வில் (அக்சிலேற்றர் மிதிக்காதபோது எஞ்சினுக்குக் காற்று விடுவது) குறை இருக்கலாம். பிறேக் மிதிக்கும்போது மட்டும் தடுமாறினால் பிறேக் பூஸ்ரரிலோ அதன் குழாயிலோ காற்றுக் கசிவு. ஓடும் வேகத்தில் சுவிச்சை அமத்தினதுபோல் சட்டென்று நின்று, ஆறவிட்ட பிறகு ஒன்றும் நடக்காததுபோல் ஸ்ரார்ட் ஆனால் கிராங்க் சென்சரையோ (எஞ்சின் சுழல்வதைக் கணினிக்குச் சொல்வது) பியூவல் பம்பையோ அதன் ரிலேயையோ (பம்புக்கு மின் விடும் சுவிச்) சந்தேகியுங்கள். சேர்விஸ் நிலையத்தில் எஞ்சினைக் கழுவிய அடுத்த நாள் தொடங்கியதென்றால், பிளக்குகளுக்கு மின் கொடுக்கும் கொயில்களின் அடியிலும் வயர் பிளக்குகளுக்குள்ளும் தண்ணீர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பாரம் ஏறும்போது மட்டும் இழுக்காமல் நிற்கிறதா என்று அறிவது எங்களுக்குச் சற்றுக் கடினம். குடாநாட்டில் ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஏ9 வீதியில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு ஏசியும் போட்டு ஓடிப் பார்ப்பதுதான் வழி.

ஓடும்போது எஞ்சின் நின்றால் ஸ்ரியரிங் இறுகும். பிறேக் ஓரிரு மிதிக்குப் பிறகு கல்லாகிவிடும். பிறேக் வேலை செய்யும், ஆனால் முழுப் பலத்தோடு மிதிக்க வேண்டும். திறப்பைப் பின்னுக்குத் திருப்பி எடுத்துவிடாதீர்கள், ஸ்ரியரிங் பூட்டிக்கொள்ளும். அடிக்கடி நிற்கும் காரைக் காரணம் தெரியும்வரை பண்ணைப் பாலத்துக்கோ பிரதான வீதிக்கோ கொண்டு போகாமல் இருப்பதே நல்லது.

2. சென்சர் செய்யும் வேலையைத் தெரிந்துகொள்ளுங்கள்

புகைக் குழாயில் பெரும்பாலும் இரண்டு ஒட்சிசன் சென்சர்கள் இருக்கும். முன்னது புகையைச் சுத்தமாக்கும் கற்றலிற்றிக் கொன்வேட்டருக்கு முன்னால், பின்னது அதற்குப் பின்னால். முன்னது புகையில் மிஞ்சியிருக்கும் ஒட்சிசனைப் பார்த்துச் சொல்ல, எஞ்சின் கணினி பெற்றோலைக் கூட்டிக் குறைத்து, ஒரு பங்கு பெற்றோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற நிறை விகிதத்துக்குக் கிட்ட வைத்திருக்கும். பின்னதன் முக்கிய வேலை கொன்வேட்டர் ஒழுங்காக இருக்கிறதா என்று கண்காணிப்பது.

இனி முக்கியமான விடயம். இந்தச் சென்சர் 300 பாகை செல்சியசுக்கு மேல் சூடானால்தான் ஒழுங்காகப் பேசும். அதனால் குளிர்ந்த எஞ்சினை ஸ்ரார்ட் எடுத்த ஆரம்பத்தில் கணினி அதைக் கேட்பதே இல்லை. தன்னிடம் உள்ள அளவுகளை வைத்தே எஞ்சினை ஓட்டுகிறது. எந்தக் காரும் தினமும் காலையில் கொஞ்ச நேரம் ஒட்சிசன் சென்சர் இல்லாமல்தான் ஓடுகிறது. காலையில் எடுத்தவுடன் உங்கள் கார் நிற்கிறதென்றால் சென்சரைக் குற்றம் சொல்ல முடியாது.

பழுதான சென்சர் என்ன செய்யும்? பெற்றோலைக் குடிக்கவைக்கும், சைலன்சரில் கரி பிடிக்கவைக்கும், புகைப் பரிசோதனையில் விழுத்தும், சில வேளை ஐட்லிங்கைத் தடுமாறவைக்கும். எஞ்சினை நேரடியாக நிற்கவைப்பது அபூர்வம்.

3. கடதாசிகளை ஒரே இடத்தில் எடுத்து வையுங்கள்

வாகனப் பதிவுச் சான்றிதழின் பிரதி, சாசி நம்பர் பொறித்த தகட்டின் படம், கடைசி இரண்டு மூன்று வருடப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ்கள், இதுவரை மாற்றிய பாகங்களின் பில்கள். யப்பான் கார்களுக்குச் சரியான பாக எண் சாசி நம்பரை வைத்துத்தான் எடுக்கப்படும். மொடல் பெயரும் வருடமும் போதாது. ஒரே பெயரில் ஓடும் இரண்டு கார்களுக்குள் வேறு வேறு எஞ்சினும் வேறு வேறு சென்சரும் இருக்கும்.

புகைச் சான்றிதழை லைசனுக்குக் கொடுத்த கையோடு எறிந்துவிடுகிறோம். எறியாதீர்கள். அதில் காபனோரொட்சைட்டு எவ்வளவு, ஐதரோகாபன் எவ்வளவு என்று அச்சிட்டிருக்கும். போன வருடத்தைவிடக் காபனோரொட்சைட்டு நன்றாக ஏறியிருந்தால் பெற்றோல் கூடுதலாகப் போகிறது. அது நன்றாக இருக்க ஐதரோகாபன் மட்டும் ஏறியிருந்தால் ஏதோ ஒரு சிலிண்டர் மிஸ் அடிக்கிறது, அதாவது ஒழுங்காக எரியாமல் விடுகிறது. பிளக், கொயில் பக்கம் போங்கள். காசில்லாமல் கிடைக்கும் வைத்திய அறிக்கை இது.

4. ஸ்கான் பண்ணுங்கள், ஆனால் கோட் இலக்கத்தை உடனே அழிக்க விடாதீர்கள்

ஸ்ரியரிங்குக்குக் கீழே, டாஷ்போர்ட்டின் அடியில் 16 ஊசித் துளைகள் உள்ள ஒரு சொக்கற் இருக்கும். ஸ்கானரை அதில்தான் செருகுவார்கள். கணினி குறித்து வைத்திருக்கும் பழுது இலக்கங்களை, அதாவது கோட்களை, அது வாசிக்கும். நீங்களே பார்க்க விரும்பினால் ஈஎல்எம் 327 என்ற புளூரூத் அடாப்டர் ஓரிரு ஆயிரம் ரூபாவிலிருந்து கிடைக்கும்; ஃபோனில் ஒரு அப் போட்டால் போதும். யப்பானின் உள்நாட்டுச் சந்தைக்காகச் செய்த பழைய கார்கள் சிலவற்றோடு இந்த மலிவு அடாப்டர் பேசாது. வாங்க முன் அதே மொடல் வைத்திருக்கும் யாரிடமாவது கேளுங்கள்.

மாட்டிக்கொள்ளும் இடம் இங்கேதான். லைற்றை அணைக்கப் பற்றரி வயரைக் கழற்றி மாட்டும் பழக்கம் எங்கள் பக்கம் நிறைய. அப்படிச் செய்தால் கோட்டும் போய்விடும், கோட் விழுந்த நேரத்தில் எஞ்சின் எந்த வேகத்தில், எந்தச் சூட்டில் இருந்தது என்று கணினி குறித்து வைத்ததும் போய்விடும். காரை விடும்போதே சொல்லுங்கள்: “முதல்ல ஸ்கான் பண்ணுங்கோ, திரையைப் படம் எடுத்த பிறகுதான் மற்ற வேலை.” இதற்கு முகம் சுழிக்கிற கராஜில் காரை விட வேண்டாம்.

பி0130 (திரையில் P0130) முதல் பி0135 வரை வந்தால் முன் சென்சரும் அதன் வயரும். இதில் பி0135 என்பது சென்சரைச் சூடாக்க அதற்குள் இருக்கும் ஹீற்றரின் மின்சுற்று. சென்சரை மட்டுமல்ல, பியூசையும் பாருங்கள். பி0136 முதல் பி0141 வரை பின் சென்சர். பி0171 வந்தால் கலவையில் காற்றுக் கூட, பி0172 வந்தால் பெற்றோல் கூட. இந்த இரண்டுக்கும் சென்சரை மாற்றச் சொன்னால் உடனே ஒத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலும் சென்சர் உள்ளதைத்தான் சொல்லியிருக்கும். பி0420 கொன்வேட்டர் பற்றியது. பி0335 வந்தால் அது கிராங்க் சென்சரின் கோட். அது இருக்கும்போது ஒட்சிசன் சென்சரைப் பற்றிப் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

கோட் ஒன்றும் இல்லாமலும் கார் நிற்கும். கரி படிந்த த்ரொட்டில் பொடி பல கார்களில் எந்தக் கோட்டும் தராது.

5. மலிவான வேலைகளை முதலில் முடியுங்கள்

சோளகக் காற்றுக் காலத்துப் புழுதி எயார் பில்டரை என்ன பாடு படுத்தும் என்று சொல்லத் தேவையில்லை. கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பில்டருக்குப் பின்னால் உள்ள காற்று அளவு சென்சரை அதற்கென்று உள்ள ஸ்பிறேயால் மட்டும் கழுவ வேண்டும். துணி போட்டுத் துடைத்தால் உள்ளே உள்ள மெல்லிய கம்பி போய்விடும்.

அடுத்தது ரப்பர் குழாய்கள். எஞ்சின் ஐட்லிங்கில் இருக்க, ‘ஸ்ஸ்’ என்ற சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள். வளைவுகளின் அடிப்பக்கத்தை விரலால் மடக்கிப் பாருங்கள்; மேலே பார்க்க நன்றாக இருக்கும், வெடிப்பு அடியில் இருக்கும்.

பிறகு வயர்கள். இரண்டு எதிரிகள் இங்கே: உப்பும் அணிலும். தீவகப் பக்கமோ கரையோரமோ ஓடும் கார்களில் சென்சர் பிளக்கைக் கழற்றினால் உள்ளே ஊசிகளில் பச்சை பூத்திருக்கும். சென்சர் நல்லது, செய்திதான் போய்ச் சேரவில்லை. கொன்ராக்ற் கிளீனர் அடித்து மெல்லிய பிரஷால் சுத்தம் செய்து மாட்டினால் சில கோட்கள் திரும்பி வராது. மாமரத்தடியில் நிற்கும் காரென்றால் எலி, அணில் கடித்த வயரைத் தேடுங்கள். என் காரில் சென்சருக்குப் போகும் வயரின் மேலுறை ஒரு விரல் நீளத்துக்கு உரிந்து, செம்பு தெரிந்தது. பக்கத்தில் தென்னந்தும்பில் பாதி கட்டிய கூடு. என் சென்சரின் ஹீற்றர் போனதற்கு அதுதான் காரணமா என்று யாரும் நிச்சயமாகச் சொல்லவில்லை, எனக்குச் சந்தேகமில்லை.

கடைசியாக த்ரொட்டில் பொடி. என் கார் நின்றதற்கு இதுதான் காரணம். தகட்டின் விளிம்பில் தாரைப்போல ஒரு கறுப்பு வளையம். ஐட்லிங்குக்கு வேண்டிய காற்று நுழைய இடமில்லை. ஸ்பிறேயும் துணியும் கொஞ்ச நேரமும்தான் செலவு. மின் மோட்டாரில் இயங்கும் த்ரொட்டிலென்றால் தகட்டைக் கையால் அமத்தித் திறக்க விடாதீர்கள். துப்புரவாக்கிய பின் ஐட்லிங் சற்று ஏறி நிற்கலாம். சில கார்கள் ஓட ஓடப் பழகிக்கொள்ளும், சிலவற்றுக்கு ஸ்கானரால் மீளப் பழக்க வேண்டும். அந்த வசதி இருக்கிறதா என்று வேலை தொடங்க முன் கேளுங்கள்.

6. சென்சரை அளந்து பார்க்கச் சொல்லுங்கள்

எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, நிமிடத்துக்கு 2500 சுற்றில் பிடித்துக்கொண்டு ஸ்கானரில் முன் சென்சரின் வோல்ற்றளவைப் பாருங்கள். வெட்ட வெளியில் செய்யுங்கள், மூடிய கொட்டகைக்குள் வேண்டாம். புகை ஆளைக் கொல்லும். சாதாரண சேர்க்கோனியா வகைச் சென்சரென்றால் எண் 0.1க்கும் 0.9க்கும் இடையில் விடாமல் ஏறி இறங்க வேண்டும், 10 செக்கனுக்குள் பல தடவை. சோம்பலாக அசைந்தாலோ ஒரே இடத்தில் நின்றாலோ இன்னொரு சோதனை: ஒரு சிறிய வக்கியூம் குழாயை (எஞ்சின் காற்று உறிஞ்சும் ரப்பர் குழாய்) கழற்றினால் எண் உடனே கீழே விழ வேண்டும், அக்சிலேற்றரை ஒருமுறை சட்டென்று மிதித்தால் மேலே துள்ள வேண்டும். இரண்டுக்கும் சட்டென்று அசைந்தால் சென்சருக்கு உயிர் இருக்கிறது, பழுது வேறெங்கோ.

பின் சென்சர் அப்படி ஆடக்கூடாது; 0.6, 0.7 என்று அமைதியாக நிற்க வேண்டும். இது தெரியாமல் “பின் சென்சர் அசையுதில்லை, செத்துப்போச்சு” என்று சொல்பவர்களும் உண்டு. இன்னொன்று: பல கார்களில் முன்னால் இருப்பது எயார் பியூவல் சென்சர் என்ற வேறு வகை. அது 0.1இலிருந்து 0.9 வரை ஆடாது. உங்கள் காரில் எந்த வகை என்று முதலில் கேட்டறியுங்கள்.

ஹீற்றரை மல்ரி மீற்றரால் அளக்கலாம். பிளக்கைக் கழற்றி, நான்கு வயர்களில் ஒரே நிறமான இரண்டுக்கும் இடையில் ஓம் பாருங்கள். ஆறிய சென்சரில் சில ஓம்களிலிருந்து ஏறத்தாழ 20 ஓம் வரை காட்டினால் பெரும்பாலும் பிழையில்லை. ஒன்றுமே காட்டாவிட்டால் உள்ளே அறுந்துவிட்டது. மற்ற இரண்டு வயர்களில் ஓம் அளக்காதீர்கள், சென்சர் கெட்டுவிடலாம்.

எல்லாவற்றிலும் எளிய சோதனை: முன் சென்சரின் பிளக்கைக் கழற்றி விட்டுவிட்டு, கார் வழக்கமாக நிற்கும் அதே நிலைமையில் ஓட்டிப் பாருங்கள். லைற் எரியும், பெற்றோல் கொஞ்சம் கூடப் போகும், அவ்வளவுதான். அப்போதும் கார் நின்றால் சென்சர் காரணமில்லை. எந்த மெக்கானிக்கும் இதற்குக் காசு கேட்கமாட்டார், கேட்கவும் கூடாது.

7. வாங்கும்போது

விலை டொலரோடு ஏறி இறங்குவதால் எண்ணாகச் சொல்லிப் பயனில்லை. வரிசையாகச் சொல்கிறேன்: ஸ்கானும் த்ரொட்டில் துப்புரவும் மலிவு; கிராங்க் சென்சரும் ரிலேயும் நடுத்தரம்; அசல் ஒட்சிசன் சென்சர் பல பத்தாயிரம் ரூபாவுக்குப் போகும்; கொன்வேட்டர் எல்லாவற்றையும் மிஞ்சும்.

டென்சோ, என்ரிகே போன்ற பெயர்களில் போலிகளும் வருகின்றன. பெட்டியை நம்பாமல் சென்சரின் உடலில் பொறித்த எண்ணைப் பழைய சென்சரின் எண்ணோடு வைத்துப் பாருங்கள். கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து பழைய பாகம் எடுப்பித்துத் தருகிறோம் என்பார்கள். கதவு, லைற் என்றால் நானும் எடுப்பேன். ஒட்சிசன் சென்சர் தேய்ந்து போகும் பொருள். வேறொரு காரில் எவ்வளவு ஓடியது என்று தெரியாத ஒன்றை வாங்குவதில் அர்த்தமில்லை. வயரை வெட்டி ஒட்டும் பொது வகைச் சென்சரும் வேண்டாம். எங்கள் உப்புக் காற்றில் அந்த ஒட்டு நெடுநாள் தாங்காது.

மின் பாகங்கள் திருப்பி எடுக்கப்படமாட்டாது என்று கடைகளில் எழுதியே வைத்திருப்பார்கள். ஆகவே பாக எண் பில்லில் இருக்க வேண்டும், உத்தரவாதம் இருந்தால் அதுவும் எழுத்தில் வேண்டும். கொழும்பிலிருந்து வர வேண்டிய பாகத்துக்கு ஒரு நாள் இரண்டு நாள் பிடிக்கும். இடையில் போயாவும் ஞாயிறும் வந்தால் அதையும் சேர்த்துக் கொள்ளுங்கள்.

8. பூட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள்

பழைய சென்சர் புகைக் குழாயோடு துருவேறி ஒட்டியிருக்கும். முதல் நாளே துரு இளக்கும் எண்ணெய் அடித்து, எஞ்சின் இளஞ்சூட்டில் இருக்கும்போது கழற்றுவது நல்லது. பெரும்பாலானவற்றுக்கு 22 மில்லிமீற்றர் சாவி. பக்கத்தில் வெட்டு உள்ள சென்சர் சொக்கற் இருந்தால் வயரும் தப்பும், விளிம்பும் மழுங்காது. அது இல்லாத கராஜில் பலவந்தமாகக் கழற்றி மரையையே பிய்த்துவிட்டால் செலவு இரட்டிப்பு.

கழற்றிய சென்சரின் நுனியைக் கட்டாயம் பாருங்கள். காய்ந்த கரி என்றால் பெற்றோல் கூடப் போயிருக்கிறது. எண்ணெய்ப் பிசுபிசுப்பு என்றால் எஞ்சின் ஒயில் எரிகிறது. வெள்ளைப் படிவு என்றால் கூலன்ற் கசிந்திருக்கலாம், அல்லது யாரோ எஞ்சினுக்குச் சிலிக்கன் பசையை அள்ளிப் பூசியிருக்கலாம். அந்தக் காரணத்தைத் தீர்க்காமல் புதியதைப் பூட்டினால் அதுவும் அதே வழியில் போகும். புதிய சென்சர் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க மரையில் அதற்குரிய பசை பூசினால், அது நுனியில் படக்கூடாது.

9. இன்னும் நின்றால்

கிராங்க் சென்சரை உறுதி செய்ய: கார் நின்றவுடன் திறப்பைத் திருப்பி ஸ்ரார்ட்டரைச் சுழற்றும்போது ஸ்கானரில் எஞ்சின் சுற்று எண்ணைப் பாருங்கள். எஞ்சின் சுழலும்போதும் எண் பூச்சியமாகவே இருந்தால் கிராங்க் சென்சர் அல்லது அதன் வயர். பம்பைச் சந்தேகித்தால் பெற்றோல் அமுக்கத்தை மீற்றர் பூட்டி அளக்கச் சொல்லுங்கள். சத்தத்தைக் கேட்டு “பம்ப் நல்லம்” என்பது அளவை அல்ல. சத்தம் போடும் பம்பும் அமுக்கம் தராமல் இருக்கும். பற்றரியின் மைனஸ் வயர் காரின் உடலில் பூட்டியிருக்கும் இடத்தையும் கழற்றி, துருவைச் சுரண்டிப் பூட்டுங்கள்.

10. புகைப் பரிசோதனையும் லைசனும்

வருடாந்த வாகன வருமான உத்தரவுப் பத்திரம் எடுக்கப் புகைச் சான்றிதழும் காப்புறுதியும் வேண்டும். லைற் எரியும் காரை வைத்துக்கொண்டு லைசன் முடியும் வாரத்தில் ஓடாதீர்கள். ஒரு மாதம் முன்பே தொடங்கினால் பாகம் கொழும்பிலிருந்து வரவும், பூட்டவும், தவறினால் இன்னொரு முறை பார்க்கவும் இடமிருக்கும்.

கோட்டை அழித்த அன்றே பரிசோதனைக்குப் போக வேண்டாம். கணினி கலவையைத் திரும்பப் பழகிக்கொள்ள, நகருக்குள்ளும் நீண்ட வீதியிலும் மாறி மாறிச் சில நாள் ஓட்டுங்கள். போகும் நாளில் பக்கத்து வீதியிலிருந்து நேரே உள்ளே விடாமல், சாவகச்சேரிப் பக்கமோ எங்கேயோ 20 நிமிடமளவு ஓடிவிட்டுப் போங்கள்; கொன்வேட்டர் சூடாக இருந்தால்தான் வேலை செய்யும். அங்கே வரிசை நீண்டிருந்தால் எஞ்சினை நிறுத்தி ஆறவிடாதீர்கள். முறை வர முன் அக்சிலேற்றரை 2500 சுற்றில் ஓரிரு நிமிடம் பிடித்துவிட்டு உள்ளே கொண்டு போங்கள்.